மருந்துப் பெட்டியும் ஒரு குதிகாலும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. காயத்துக்கு மருந்து எடுத்துப் போக ஒரு பெட்டி செய்தேன். அந்தப் பெட்டியால்தான் காயமே பட்டது. பட்ட பிறகு, பெட்டி திறக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் நாங்கள் மூன்று பேர், ஓய்ந்த நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் போய்த் தங்கி, சோறாக்கித் தின்றுவிட்டு வருவோம். ஒருவன் சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். பஞ்சர் சாமான்கள் அவன் பொறுப்பு. இன்னொருவன் சம்சாரி வீட்டுப் பிள்ளை, விவசாயக் குடும்பம். அரிசி, பருப்பு அவன் பொறுப்பு. நான் தச்சு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை. மருந்து என் பொறுப்பு. மருந்தை முன்பெல்லாம் துணிப்பையில்தான் கொண்டு போவேன். ஒருமுறை டிஞ்சர் பாட்டில் அரிசி மூட்டைக்குள் கவிழ்ந்து, மூன்று வேளையும் ஆஸ்பத்திரி வாசனையோடு சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் பெட்டி யோசனை வந்தது.

பட்டறையில் மிஞ்சிய மாம்பலகையில் செய்தேன். பக்கப் பலகைகளில் காடி வெட்டி, மூடி அதற்குள் வழுக்கிப் போகிற மாதிரி. எங்கள் வீட்டில் நல்ல பெட்டிக்கு ஒரு பரீட்சை உண்டு: மூடியைத் தள்ளினால் உள்ளே இருக்கிற காற்று பெருமூச்சு விட்டு வெளியே வரவேண்டும். என் பெட்டி பெருமூச்சென்ன, ஒப்பாரியே வைத்தது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, மழைக்கு இடம் விட்டாயா என்று மட்டும் கேட்டார். ஐப்பசி மழை வந்தால் ஊரில் பாதிக் கதவுகள் ஈரத்தில் ஊதிக்கொண்டு நிலையில் இடிக்கும். அவற்றை இழைத்துச் சரிசெய்த கூலியில்தான் நான் வளர்ந்தேன். இருந்தும், பெட்டி என்ன வாசலிலா நிற்கப்போகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த முறை போனது நாச்சியாபுரம் பக்கத்துக் கண்மாய்க்கு. காரணம், சம்சாரி வீட்டுப் பிள்ளை. அடுத்த வாரம் அவனுக்குப் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற ஓட்டம். வானம் பார்த்த நிலம் அவன் வீட்டைக் கைவிட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அவன் ஓடி ஜெயித்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். கரைமேல் ஓடிப் பழகட்டும் என்று கூட்டிப் போனோம். அவன் ஓடினான், நாங்கள் படுத்துக்கொண்டு உற்சாகப்படுத்தினோம்.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் மூன்று பேருக்கே இடமில்லாததால் பெட்டி வெளியே கிடந்தது. காலையில், கண்மாயின் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கைத் தாண்டும்போது, வழிகிற தண்ணீரில் என் சைக்கிள் சறுக்கியது. நான் விழவில்லை, பெட்டி விழுந்தது. விழுந்ததோடு விடாமல் மிதந்து போனது. ஓட்டக்காரன் செருப்பை உதறிவிட்டுக் குதித்து அதைப் பிடித்துக் கொடுத்தான். கரையேறியபோது அவன் வலது குதிகால் சிவப்பாக இருந்தது. தண்ணீருக்கடியில் ஏதோ உடைந்த சட்டி ஓடு.

பெட்டியைத் திறக்கப் போனேன். மூடி அசையவில்லை. சைக்கிள் கடைக்காரன் டயர் கழற்றுகிற கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். அப்போதும் அசையவில்லை. இழுத்தால் பெட்டியே கூட வந்தது. கடைசியில் காயம்பட்டவனையே பாறையில் காலை ஊன்றி உட்காரவைத்து, பெட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் மூடியைப் பிடித்துத் தொங்கினோம்.

"உன் காலு ட்யூபா இருந்தா இந்நேரம் ஒட்டியிருப்பேன் மாப்ளே," என்றான் சைக்கிள் கடைக்காரன்.

ஓட்டக்காரன் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் ஓடணும்ப்பா," என்றான், யாரையும் பார்க்காமல். நான் மூடியை இன்னும் பலமாக இழுத்தேன்.

அந்த நேரம் மாட்டைப் பத்திக்கொண்டு கரைமேல் வந்த ஒருவர் நின்றார்.

"என்ன தம்பிகளா, புதையலா வச்சிருக்கீக?"

"மருந்துண்ணே," என்றேன்.

"மருந்த விடுங்க. காலப் பாத்தீகளா?"

நாங்கள் பார்க்கவில்லை. அதுவரை மூன்று பேரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குனிந்து பார்த்தால், ரத்தம் நின்றிருந்தது. எங்கள் இழுப்புக்கு ஈடுகொடுக்க அவன் குதிகாலைப் பாறையில் அழுத்தி அழுத்தி, காயம் தானாக அடைபட்டிருந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால், ஓரத்தில் நகத்தளவு கீறல். ஆழமில்லை. ஊன்றி நின்றான், நடந்தான், இரண்டு எட்டு ஓடியும் காட்டினான். போன உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டு அங்குட்டுப் போய் நின்றன. என் புது வேட்டியில் ஒரு முழம் கிழித்துக் கட்டுப் போட்டோம். அந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான்.

காரைக்குடி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, தாராளமாக ஓடலாம் என்றார். பெட்டி எங்கள் பட்டறையில் வெயிலில் கிடந்து காய்ந்து, ஒருநாள் விரல் பட்டதும் சாதுவாகத் திறந்துகொண்டது. உள்ளே பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அவன் ஓடினான், தேர்வாகிவிட்டான். பயிற்சிக்குக் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் எனக்கு மனம் நிறைந்து போய், உன் சாமான்களை வைக்கத் தேக்கில் நல்ல பெட்டியாக ஒன்று செய்து அனுப்புகிறேன் என்றேன்.

பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னான்:

"மூடி இல்லாமச் செய்."