ரொம்சோஸ் நிலவறையில் எண்பத்தேழு பாட்டில் கருப்பு பீர்

வீட்டில் பீர் காய்ச்சுவது ஸ்வீடனிலும் நார்வேயிலும் சட்டப்படி சரிதான். விற்கத்தான் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன நவம்பரில் ஒருவர் வீட்டு பீரை ருசி பார்க்க நார்வேயின் ஒஸ்லோவுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நான் ஈரோட்டுக்காரன். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வேலை. இரண்டு வருடமாக டின்னில் வரும் பொருட்களை வைத்து டார்க் ஏல் என்கிற கருப்பு பீரைக் காய்ச்சிப் பார்க்கிறேன். டின்னுக்குள் ஒன்றரைக் கிலோ மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லிச் சாறு, இருக்கும், வெல்லப்பாகு பதத்தில். அதை வெந்நீரில் கரைத்து, இன்னொரு டின்னோ சர்க்கரையோ சேர்த்து, இருபத்து மூன்று லிட்டராக்கி, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடி வைக்க வேண்டும். குறிப்புத் தாளில் படிக்கும்போது ரவா உப்புமாவைவிடச் சுலபமாகத் தெரியும். ஆனால் எனக்கு ஒரு தடவை நன்றாக வந்தால் அடுத்த தடவை பேனா மையைக் குடித்த மாதிரி வரும். ஏன் என்று புரியவே இல்லை.

இணையத்தில் வீட்டு பீர்க்காரர்களுக்கான ஒரு தமிழ்க் குழுவில் கேட்டேன். பதில் சொன்ன ஒரே ஆள் ரவி அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநர். “மால்ட்டை எங்கை வைச்சனீங்கள்?” என்று திருப்பிக் கேட்டார். சமையலறையில், அடுப்புக்கு மேல் அலமாரியில் என்றேன். அதிலிருந்து மூன்று மாதம் மால்ட் சாற்றை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டோம். கடைசியில் அவர் எழுதினார்: “ஒருக்கா வாங்கோ. ரெண்டு விதமாச் செய்து வைச்சிருக்கிறன். நீங்கள் குடிச்சுப் பாத்துச் சொல்லோணும். வரேக்கை ஆறு பேணி கொண்டு வாங்கோ.”

ஆறு பேணி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பேச்சு முழுவதும் மால்ட்டைப் பாதுகாப்பது பற்றித்தானே, ஆகவே சூடு ஆறவைத்து, பத்திரமாகப் பேணிக் கொண்டுவரச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு டின் வாங்கி, ஐஸ் பொட்டலங்கள் அடுக்கிய குளிர்ப்பைக்குள் வைத்துக் கட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ். 295 கிலோமீட்டர், 279 ஸ்வீடிஷ் குரோனா. எல்லையில் சுங்க அதிகாரி ஒருவர் ஏறி, என் பையைத் திறக்கச் சொன்னார். வெளியே இரண்டு டிகிரி. “இந்தக் குளிரில் எதற்கு ஐஸ்?” என்றார். “நண்பர் அப்படித்தான் கொண்டுவரச் சொன்னார்” என்றேன். டின்னை உருட்டிப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார், போய்விட்டார். 10.50க்கு ஒஸ்லோ பேருந்து முனையம்.

அழைத்துப் போக வருவதாகச் சொன்ன ரவி அண்ணன் அங்கே இல்லை. ஃபோன் அணைந்திருந்தது. இருபது நிமிடம் நின்றேன். முகவரி கையில் இருந்ததால் நானே கிளம்பினேன். முனையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் மெட்ரோ, ஐந்தாம் எண் வண்டி, வெஸ்ட்லி பக்கம் போவது. பயணச்சீட்டு 44 குரோனர். இருபது நிமிடத்தில் அவர் வீடு இருக்கும் ரொம்சோஸ். நிலையமே பாறையைக் குடைந்து செய்தது. மேலே ஏறி வந்தால் ஒரே மாதிரியான அடுக்குமாடிகள், நடுவில் ஊசியிலை மரங்கள். எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் இப்போதுதான் கடந்துவந்த கட்டிடம் மாதிரியே இருந்தது. பத்து நிமிட நடைக்கு எனக்கு அரை மணி ஆனது.

கதவைத் திறந்தவர் ரவி அண்ணனின் மனைவி சாந்தி அக்கா. என்னை அவருக்குத் தெரியவில்லை.

“ரவி அண்ணன் இருக்காருங்களா? ஸ்வீடன்ல இருந்து வரேன். மூணு மாசமா என்கூடப் பேசிட்டிருந்தாரு.”

“பேசினவரோ?” அவர் முகம் மாறியது. “ஏன் பேசினவர்? நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது என்று பிற்பாடுதான் தெரிந்தது. “இல்லக்கா, நல்லாத்தான் பேசினாரு” என்று சொல்லி இன்னும் குழப்பினேன். கடைசியில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் வைக்கப் போனார். அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறார், வர ரெண்டு மணியாகும் என்றார்.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொன்னேன்: “அண்ணன் போட்டிருக்கிற பீரைக் குடிச்சுப் பாக்கத்தான் வந்தேன்க்கா.”

கெட்டிலை அவர் அப்படியே கீழே வைத்தார்.

“தம்பி, நீங்கள் வீடு மாறி வந்திட்டியள். அவர் குடிக்கிறேல்லை. விட்டு மூண்டு வருசம்.”

நான் ஃபோனை எடுத்து ரவி அண்ணன் அனுப்பிய படத்தைக் காட்டினேன். பச்சைப் பெட்டிகளில் பாட்டில்கள். பெட்டியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் போர்வை. அக்கா அந்தப் போர்வையைத்தான் பார்த்தார்.

“அது எங்கடை போர்வை” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். நார்வேயில் பஸ் ஓட்டுநர்கள் ஒவ்வொரு காலையும் ஒரு கருவியில் ஊத வேண்டும், மது இருந்தால் பஸ் கிளம்பாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் ரவி அண்ணன் ஊதியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் நாள் இரவு குடித்தது. ஆறு மாதம் வேலை இல்லை. இன்னொரு தடவை நடந்தால் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டார்கள். “அண்டையோடை குடியை விட்டிட்டார். எனக்கு அப்பிடித்தான் தெரியும்” என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் என்ன செய்வது? மூன்று மாதமாக என்னிடம் பீரைப் பற்றி எழுதியவர் மனைவியை ஏமாற்றுகிறாரா, இல்லை என்னை ஏமாற்றுகிறாரா? எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அக்கா ஆணியில் மாட்டியிருந்த திறப்பை எடுத்துவிட்டார். திறப்பு என்றால் சாவி. “வாங்கோ, நீங்களும் வாங்கோ. பாத்தால்தான் நம்புவன்.”

இந்தக் கட்டிடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் சாமான் போட ஒரு சிறிய அறை உண்டு. பழைய சூட்கேஸ், பனிச்சறுக்குக் கட்டைகள், பொங்கல் பானை எல்லாம் அங்கேதான். அவர்களுடைய அறை வெந்நீர்க் குழாய் போகும் சுவரை ஒட்டியது. உள்ளே நல்ல கதகதப்பு. சிவப்புப் போர்வையை விலக்கினால், இரண்டு அடுக்காகப் பெட்டிகள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒட்டுத்தாளில் தேதியும் 44 என்ற எண்ணும். பக்கத்தில் ஒரு வாளி, நீளக் கரண்டி, அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய். குழாய்ச் சுவரின் அலமாரியில் நான்கு பழைய மால்ட் டின்கள்.

அக்கா பாட்டில்களை எண்ணத் தொடங்கினார். நான் அவர் பின்னால் குளிர்ப்பையைப் பிடித்தபடி நின்றேன். இரண்டாம் அடுக்கில் நாற்பத்து நான்கு. முதல் அடுக்கை இரண்டு தடவை எண்ணினார். நாற்பத்து மூன்று.

“ஒண்டு குறையுது” என்றார்.

நான் எண்பத்தேழு மூடிகளையும் பார்த்தேன். ஒரு மூடிகூடத் திறந்து மூடிய மாதிரி இல்லை, எல்லாவற்றிலும் ஒரே தூசி. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். நான் யார் சொல்ல?

2.10க்கு ரவி அண்ணன் நிலவறைக்கே வந்தார், பஸ் சீருடையிலேயே. சக ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாமல் அவருடைய ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார், வண்டி ஓட்டும்போது ஃபோன் அணைத்துத்தான் இருக்க வேண்டுமாம். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

“நான் குடிக்கேல்லை, சாந்தி.”

“ஒண்டு எங்கை?”

“என்னோடை வேலை செய்யிற கெய்ர் எண்ட நார்வேக்காரனுக்குக் குடுத்தனான். ருசி கேக்க.”

“விடிய ஊதிறியள். பின்னேரம் என்ன நடந்தது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாதுதான்” என்றார் அவர். பிறகு அலமாரியைக் காட்டி, மொத்தம் ஆறு டின்கள், குடித்த காலத்தில் மலிவாக வாங்கியவை, தூக்கி எறிய மனம் வரவில்லை, போன கோடையில் இரண்டை எடுத்துக் காய்ச்சிப் பார்த்தேன், செய்கிற வேலை பிடித்துப்போயிற்று, பிறகு புது டின் வாங்கி இன்னொரு தடவை செய்தேன் என்றார். “ஆனால் எப்பிடி வந்திருக்கெண்டு எனக்குத் தெரியாது. கெய்ரைக் கேட்டால் ‘கொத்’ எண்டான். நல்லதாம். அவனுக்கு கன்டீன் கோப்பியும் கொத்தான். தமிழிலை வடிவா, விளக்கமாச் சொல்ல ஒரு ஆள் வேணுமெண்டுதான் இந்தத் தம்பியைக் கூப்பிட்டனான்.”

அக்கா மேலே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கண்ணாடி டம்ளருடன் திரும்பி வந்தார். “சரி. குடிச்சுச் சொல்லுங்கோ, தம்பி.”

முதல் அடுக்கில், பழைய டின்களில் காய்ச்சியதில், ஒன்றைத் திறந்தேன். நிறம் நல்ல கருப்பு, நுரையும் சரி. ஒரு வாய். அதே மை.

“கயர்க்குதோ?” ரவி அண்ணன் நடைபாதையிலிருந்து கேட்டார்.

“கயரா? கயர்னா என்ன?”

“கயர். கயர்க்கிறது. தெரியாதோ? வாழைக்காய்ப் பால் வாயிலை பட்டால்...”

“கசப்பைச் சொல்றீங்களா? துவர்ப்பா?”

“ரெண்டும் இல்லை... ரெண்டும் கொஞ்சம்...”

நான் இன்னொரு வாய் குடித்தேன். கசந்தது, துவர்த்தது மாதிரியும் இருந்தது. அவர் கேட்பது எது என்று தெரியாமல் எதைச் சொல்வது? அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவர் மாதிரி என் வாயையே பார்த்தார். ஆனால் டம்ளர் அவர் பக்கம் போனபோது முகத்தைத் திருப்பி இரண்டடி பின்னால் போனார். அக்காவும் அதைப் பார்த்தார்.

“இஞ்சை தாங்கோ” என்று என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். வாழ்க்கையில் அவர் மதுவைத் தொட்டதில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. கண்ணை மூடி யோசித்தார்.

“கயர்க்கேல்லை” என்றார் கணவரிடம். “கறள் பிடிச்ச தண்ணிப் பைப்பிலை வாய் வைச்ச மாதிரி இருக்கு.” கறள் என்றால் துரு.

“அப்ப மால்ட்தான் பழுது!” ரவி அண்ணன் கிட்டத்தட்டக் கத்தினார். “கயர்த்தால்தான் ஈஸ்டோ தண்ணியோ பிழை! மூண்டு வருசம் சூட்டுப் பைப்புக்குப் பக்கத்திலை பேணி கிடந்தது!” என்று அலமாரியில் இருந்த டின்னைத் தட்டினார்.

பேணி என்றால் டின் என்று அந்த நொடிதான் எனக்குப் புரிந்தது. ஆறு பேணி என்றால் ஆறு டின். ஐஸ் உருகி ஒழுகும் பையிலிருந்து என் ஒரே டின்னை எடுத்துக் கொடுத்து விளக்கினேன். அக்கா சிரித்தார். அன்று முதல் தடவை.

இரண்டாம் அடுக்குப் பாட்டில், புது டின்னில் செய்தது, அருமை. கருகிய சர்க்கரை வாசனை, கடைசியில் மெல்லிய கசப்பு. அதையும் அக்காவே ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, “இது பரவாயில்லை. ஆனால் இதை ஏன் ஆக்கள் குடிக்கினம்?” என்றார். முதல் அடுக்கின் நாற்பத்திரண்டு பாட்டில்களையும் நானும் அக்காவும் துணி துவைக்கும் அறைத் தொட்டியில் ஊற்றினோம். ரவி அண்ணன் மேலே வீட்டிலேயே இருந்தார். வாசனை படக் கூடாது என்று.

5.30 பஸ்ஸுக்கு மெட்ரோ வரை அவர் கூட வந்தார். “குடிக்க முடியாததை ஏண்ணே செய்யணும்?” என்று கேட்டேன். “எனக்கும் விளங்கேல்லை, தம்பி. சாந்தி கேட்டால் என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு வாறன்” என்றார்.

போகிறவர்களுக்கு: ரொம்சோஸில் வீட்டு எண்ணை மட்டும் நம்பாமல், எந்த நுழைவாயில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சுகிறவர்களுக்கு: மால்ட் டின்னை அடுப்பு, ஹீட்டர், வெந்நீர்க் குழாய் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். இருட்டும் குளிர்ச்சியும்தான் அதற்கு இடம், ஃபிரிட்ஜில் இடமிருந்தால் இன்னும் நல்லது. திறந்து மீந்ததைச் சுத்தமான கண்ணாடி ஜாடிக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள். தூள் மால்ட் என்றால் ஈரம் படக் கூடாது, பட்டால் செங்கல்லாகிவிடும். ஈஸ்ட் பொட்டலத்தைத் தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பிய டின்னைத் திறக்காமலே எறியுங்கள். ரவி அண்ணனின் நான்கில் ஒன்று உப்பித்தான் இருந்தது. என் பழைய பீர் ஏன் மையாகியது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. தெரியாத விஷயம் வேறு: ஒருவர் விட்டுவிட்ட ஒன்றின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பது நல்லதா, ஆபத்தா? அன்று நான் போனது உதவியா, உபத்திரவமா? யோசிக்க யோசிக்க இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது.

இதை எழுதலாமா என்று இருவருக்கும் செய்தி அனுப்பிக் கேட்டேன். ரவி அண்ணன் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். சாந்தி அக்கா குரலில் பதில் சொன்னார்: “எழுதுங்கோ, தம்பி. ஆனால் அவர் குடிக்கேல்லை எண்டதை வடிவா எழுதுங்கோ.”