எண்ணெய் தடவிய தட்டு

ஏழாம் வகுப்பில் கேள்வி கேட்பது நான் இல்லை, பிள்ளைகள்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். பதிலைப் புத்தகத்தில் தேடக் கூடாது, செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் பேய் உண்டா என்று கேட்டு என் உயிரை எடுத்தார்கள்.

அப்புறம் ஜன்னலோரத்துப் பெண் எழுந்தாள். "மிஸ், எங்க வூட்டு மாடில தூசி கீழேர்ந்து வருதா, மேலேர்ந்து வருதா?"

"பெருக்கலன்னா வரும்" என்றது பின் பெஞ்சு. எல்லாரும் சிரித்தார்கள்.

இடைவேளையில் அவளே காரணம் சொன்னாள். அவள் தங்கைக்கு மூச்சிரைப்பு. வீட்டுக்கு வரும் அத்தை ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துப் பார்த்து, "உங்கம்மா ஒழுங்கா பெருக்கினா புள்ள ஏன் இப்டி இழுத்துகினு கெடக்குது?" என்பாராம். அம்மா மறுபடி துடைப்பத்தை எடுப்பாராம். எனக்கு அந்த அத்தை மேல் பற்றிக்கொண்டு வந்தது. அனல்மின் நிலையம் இருக்கிற எண்ணூரில் சாம்பல் எங்கிருந்து விழுகிறது என்று நானே சொல்லியிருக்கலாம். மிஸ் சொன்னாங்க என்றால் அத்தை கேட்பாரா?

வகுப்பே கூடி வழி யோசித்தது. இரண்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் தேங்காய் எண்ணெய் தடவி மாடியில் வைப்பது. ஒன்றுக்கு மேல் மட்டும் செங்கல் நட்டு ஒரு தகரம், பக்கமெல்லாம் திறப்பு. தூசி தரையிலிருந்து கிளம்பினால் இரண்டு தட்டும் அழுக்காகும். மேலிருந்து விழுந்தால் திறந்த தட்டு மட்டும். இதைச் சொன்னது அந்தப் பின் பெஞ்சுதான், என்னால் நம்பவே முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் கொண்டுவந்த தட்டுகள் இரண்டும் பளபளவென்று இருந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதே. தடவின எண்ணெய் எங்கே போச்சுன்னு யோசி" என்றேன்.

அவள் தட்டை முகர்ந்தாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை. எங்கள் பக்கத்தில் வெளியே கிடந்த எதையும் கழுவாமல் யாரும் கையில் எடுப்பதில்லை. மறுநாள் அவள் அம்மாவே வந்து நின்றார். "மிஸ்கிட்ட போற தட்டாச்சே, அவ்ளோ கலீஜா எப்டி அனுப்பறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை நீங்களே வையுங்கள், மாடியை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்குங்கள், தட்டை மட்டும் தொடாதீர்கள் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு தட்டோடு வந்தார்கள். தகரத்தின் கீழ் இருந்ததில் லேசாக ஏதோ ஒட்டியிருந்தது. திறந்த தட்டில் வெள்ளையே தெரியவில்லை, சாம்பல் அப்பிக் கிடந்தது.

அந்தம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தெனமும் ரெண்டு வேள பெருக்கினேன் மிஸ்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ என் மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா" என்றாள் மகள், நான் வாயைத் திறப்பதற்குள். பின் பெஞ்சுப் பையன் எழுந்துபோய் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

கிளம்பும்போது தட்டைச் சுற்றிக்கொள்ளப் பழைய பேப்பர் கொடுத்தேன். வேண்டாமென்றார். "சாம்பல் பேப்பர்ல ஒட்டிகினு வந்துடும் மிஸ். சாயங்காலம் நாத்தனாரு வருது."

கழுவாத தட்டை வகுப்புக்கு அனுப்பவே கூசியவர், அதை இரண்டு கையிலும் ஏந்தி, மூடாமல், மெயின் ரோடு வழியாகவே வீட்டுக்கு நடந்தார்.