ஒற்றைக் கையில் சுட்ட டைனோசர்

புதுவாயல் கூட்டுரோட்டுப் பழைய சாமான் கடையில் அந்த வீடியோ கேம் என் கண்ணில் பட்டது ஒரு சனிக்கிழமை. டிவியில் சொருகி ஆடுகிற பெட்டி, ஒரு ரிமோட், ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேல் வாயைப் பிளந்த டைனோசர். பள்ளிக்கூட நாளில் பொன்னேரி தியேட்டரில் முன் பெஞ்சில் உட்கார்ந்து நான் வாயைப் பிளந்து பார்த்த படத்தை வைத்துச் செய்த ஆட்டம். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். வயசு ஏறினால் புத்தியும் ஏறும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி மூன்று மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷினில் அவளுக்கு வேலை. பக்கத்து மிஷினில் நின்ற தோழிக்கு இரண்டு விரல் போன நாளிலிருந்து, மிஷின் வேண்டாம் என்று பெருக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தோழியைப் போய்ப் பார்க்கவும் இல்லை. திங்கட்கிழமை மிஷினில் நிற்க வேண்டும், முடியாதென்றால் வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பயந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். பத்து வருஷம் அந்த மிஷினை அடக்கி ஆண்டவள், அதற்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவாளோ என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் பெட்டியைச் சொருகினேன்.

"இன்னாய்யா இது, சின்னப் புள்ள மாரி?" என்றாள்.

காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு காட்டுக்குள் வலப்பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறான். கோழி அளவில் ஒரு கூட்டம் ஓடிவந்தது. சுட்டேன். இறக்கை வைத்தவை வந்தன. சுட்டேன். பிறகு திடீரென்று டிவியே அதிர்ந்தது. ஒரு கால் மட்டும் வந்து நின்றது. அவ்வளவுதான், திரையில் வேறெதற்கும் இடமில்லை. படம் மெல்ல மேலே ஏறியது. முட்டி, வயிறு, மார்பு, இன்னும் ஏறுகிறது. கடைசியில் அந்தத் தலை குனிந்து என்னைப் பார்த்தபோது "ஐயோ அம்மா!" என்று கத்தியே விட்டேன். வெறும் கட்டம் கட்டமான படம்தான், தெரியாதா எனக்கு? ஆனாலும் மயிர் கூச்செறிந்தது. அவளும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"யப்பா, எம்மாம் பெர்சு!"

மூன்று மாதத்தில் அவள் குரல் அப்படி எழும்பி நான் கேட்கவே இல்லை. அதற்காகவே விடாமல் ஆடினேன். ஏழெட்டு தடவை செத்தேன். கட்டைவிரல் கன்றிப்போனது.

நானும் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டியவன்தான். அப்போது அந்தப் புத்தி வேலை செய்தது. பழைய பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அடியில் சிக்காது, அதற்கான ஏற்பாடு. எண்ணிக்கை வராத நாளில் ஒரு பட்டனை ரப்பரால் இறுக்கிக் கட்டிவிடுவோம். ஒரு கை தகட்டை வைக்கும், மறு கை அழுத்தும், வேலை பறக்கும். தப்புதான். நானும் செய்திருக்கிறேன். அதே மாதிரி ரிமோட்டில் சுடுகிற பட்டனை ரப்பர் பேண்டால் கட்டினேன். குண்டு தானாகக் கொட்டியது. இன்னொரு கையில் டீ கிளாஸை எடுத்துக்கொண்டேன்.

"பாத்தியாமே, ஒரே கையில சாய்க்கிறேன்!"

அவள் டிவியைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ரிமோட்டைப் பிடுங்கி ரப்பரை அறுத்தாள்.

"கட்டாதய்யா! எதுலயும் கட்டாத!" என்று கத்தியவள் வாய்விட்டு அழுதாள். "நம்பர் வரலன்னு அவள அந்த சூப்பர்வைசரு கத்திக்கினே இருந்தான். அவ டீ குடிக்கப் போனப்ப பாவமேன்னு நான்தான் கட்டி வெச்சேன். வந்தா சொல்லலாம்னு இருந்தேன். நான் திரும்பறதுக்குள்ள ஒரு கைய தகட்டுல வெச்சிக்கினே மறு கையால பட்டனத் தொட்டுட்டா, அச்சு எறங்கிடுச்சு. யாரு கட்டினான்னு ஒருத்தருக்கும் தெரியாது."

டிவியில் அந்த மிருகம் காக்கிச் சட்டைக்காரனைத் தின்று முடித்து உறுமியது. டிவியை அணைத்தேன். உன் தப்பில்லை என்று சொல்லலாம், பொய்யாக இருக்கும். அவளே எழுந்து முகத்தைக் கழுவினாள்.

"பொன்னேரிக்கு, அவ வூட்டுக்கு வண்டிய எடு."

"இன்னிக்கேவா?"

"நாளைக்கு மிஷின்ல நிக்கணும்னா இன்னிக்குச் சொல்லணும்."

தோழி தன் வீட்டு வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் மூன்று விரலோடு. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நானாக இருந்தால் முதலில் தண்ணீர் கேட்டிருப்பேன், உடம்பை விசாரித்திருப்பேன், பேச்சை எங்கெங்கோ சுற்றியிருப்பேன். என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, குரல் நடுங்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவளை அன்றுதான் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தாள்.

தோழி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. ரப்பர்ல நீ போடுற முடிச்சு எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவேன்னு மூணு மாசமா வாசலையே பாத்துக்கினு இருக்கேன்."