வர முடியாதவர்களுக்கான விருந்து

என் தம்பியின் கல்யாணம் 2008 ஜனவரியில், குமரிக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊர் இனயத்தில் நடந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து, பந்தலில் மூன்று பந்தி சாப்பாடு ஓடி, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளும் அண்டாக்களும் திரும்பப் போன மறுநாள், தம்பி முன்னறையில் உட்கார்ந்து இன்னொரு ரிசெப்ஷன் வைக்கப் போவதாகச் சொன்னான். பஹ்ரைனில்.

"அங்க உள்ளவிய ஒருத்தரும் இங்க வர முடியல்லல்லா? அவியளுக்குன்னு ஒண்ணு வைக்கண்டாமா?" என்றான்.

அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். நாங்கள் இருவருமே அப்போது பஹ்ரைனில் வேலை பார்த்தோம். நான் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் ஒரு கட்டுமானக் கம்பெனியின் அலுவலகத்தில் இருந்தான். எங்களைத் தவிர எங்கள் கரையைச் சேர்ந்த பதினான்கு ஆண்கள் அங்கே லாஞ்சுகளில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சித்தப்பா, இறந்துபோன அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்றிருக்க வேண்டியவர். ஆனால் அது மீன் நன்றாகப் படும் காலம். பாஸ்போர்ட்டும் லாஞ்சு முதலாளியின் பெட்டியில் இருந்தது. பதினான்கு பேரில் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. கோயிலில் தம்பியின் பக்கத்தில் தாய்மாமன்தான் நின்றார்.

வர முடியாதவர்கள் என்று தம்பி சொன்னபோது நான் இவர்களைத்தான் நினைத்தேன். சித்தப்பாவின் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். அன்று சாயங்காலமே சேதி கேட்டு வந்தாள்.

"கொள்ளாம் மக்கா. எங்க அவிய பொண்ணு முகத்தக் கூடப் பாக்கல்ல. ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும் அதத்தான் கேக்கியாவ" என்றாள்.

மறுநாள் கருங்கல் சந்தைக்குப் போய் ஒரு சட்டை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள். இளநீல நிறம், முழுக்கை. "நீதானே முதல்ல போற. கொண்டு குடு. பார்ட்டிக்கு இதப் போடச் சொல்லு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கேட்டியா" என்றாள்.

தம்பி ஒரு நீள நோட்டு வாங்கி அதில் திட்டம் போட்டான். மூன்று நாள் அதே வேலை. ஹோட்டல் ஹால், நூற்றிருபது பேர், இரண்டடுக்குக் கேக், வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு பேரின் படம். பொண்ணு கோயிலில் போட்ட வெள்ளை கவுனையே சலவைக்குக் கொடுத்து மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் கல்யாணப் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்ட வேண்டும். அந்தப் படங்களை அவனே மடிக்கணினியில் பொறுக்கினான். நான் பின்னால் நின்று பார்த்தேன். லுங்கி கட்டியவர்கள் இருந்த படங்களையெல்லாம் ஒதுக்கினான். பந்தியில் சம்மணம் போட்டிருந்த பெரியவர்கள் போனார்கள். அம்மாவின் அண்ணன் போனார். கோயில், கார், கேக், பொண்ணு வீட்டாரின் பட்டுப் புடவைகள் மிஞ்சின.

நோட்டில் ஆட்களின் பட்டியலையும் பார்த்தேன். அவனுடைய மேனேஜர், எஞ்சினியர்கள், தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்கள், அவன் கண்ணால்கூடப் பார்த்திராத என் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இரண்டு பேர்.

"சித்தப்பா பேரு எங்க?" என்று கேட்டேன்.

"அவிய வேற லிஸ்ட்டு" என்று சொல்லி அவன் பக்கத்தைத் திருப்பினான். அந்தப் பக்கத்தில் மேலே "கரைக்காரங்க" என்று எழுதியிருந்தது. கீழே ஒரே வரி. வெள்ளி மத்தியானம், ரூமுக்கு, பிரியாணி பொதி பதினாலு.

"அவியளும் சாயங்காலம் ஹோட்டலுக்கு வந்தா என்ன?"

"யக்கா, நீ யோசிச்சுப் பாரு. அவிய என்னதான் சோப்புப் போட்டுக் குளிச்சாலும் அந்த வாடை போவாது. பக்கத்து மேசையில இருந்து என் மேனேஜரு மூக்கப் பொத்தினா எனக்கு எப்பிடி இருக்கும்?"

நான் அழுகிய காலுக்கு மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் புண்ணிலிருந்து புழு எடுத்திருக்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. அன்று எங்கள் சொந்த வீட்டு முன்னறையில், புது பெயின்ட் மணக்கும் சுவருக்குப் பக்கத்தில், நான் முகத்தைச் சுளித்தேன்.

ஏனென்றால் இவன் பஹ்ரைனுக்குப் போனதே சித்தப்பா வாங்கிக் கொடுத்த விசாவில். லாஞ்சு முதலாளியின் வீட்டு வாசலில் நாள்கணக்கில் காத்து நின்று, அந்த முதலாளியின் அண்ணன் வைத்திருந்த கம்பெனியில் இவனுக்கு வேலை கேட்டு வாங்கியவர் அவர். கம்பெனி ரூம் கொடுக்கும்வரை இரண்டு மாதம் இவன் அந்தத் துறைமுகத்து ரூமில்தான் கிடந்தான். சித்தப்பா தன் கட்டிலை இவனுக்கு விட்டுவிட்டுத் தரையில் படுத்தார். அப்போது இவனுக்கு எந்த வாடையும் அடிக்கவில்லை.

அம்மா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இவனுக்கு இரண்டு அறை கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எங்களைப் படிக்க வைக்கத் தலையில் மீன் கடவம் சுமந்து ஊர் ஊராக விற்றவள் அவள். மீன் நாறும் என்று பஸ்ஸில் ஏற்றாத கண்டக்டர்களைத் திட்டிக்கொண்டே வெயிலில் நடந்து வீடு வந்தவள். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "அவன் சொல்லியதுலயும் காரியம் உண்டு. நாலு பெரிய ஆளுவ வாற எடம்லா" என்றாள்.

தம்பி சொன்னதைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பொண்ணு பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மார்த்தாண்டம் பக்கத்தில் வாத்தியார் வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் உள்ளே போனபோது தணிந்த குரலில், "ஆரு மைனி அந்தச் சித்தப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். கட்டிலை விட்டுக்கொடுத்ததையும் சொன்னேன். அவள் மடித்த புடவையையே மறுபடியும் உதறி மடித்தாள்.

சாயங்காலம் தம்பி சித்தப்பாவுக்குப் போன் போட்டான். அம்மாவும் பேசட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தான். நலம் விசாரித்துவிட்டு, "சித்தப்பா, பார்ட்டிக்கு நெய்மீன் ஒரு இருவது கிலோ வேணும். ஹோட்டல்ல சமையல்காரரு மலையாளிதான். பேசியாச்சு. குடுத்தா பொரிச்சுத் தருவாரு" என்றான்.

"இருவதென்ன மக்கா, எத்தன கிலோன்னாலும் தாரேன். என்னைக்கு?"

"அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழம."

"அப்ப வியாழனே கரைக்கு வந்திருவோம். முதலாளிக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். கூட உள்ள பயக்க எல்லாத்தையும் முடி வெட்டச் சொல்லணும்" என்று சித்தப்பா சிரித்தார்.

தம்பி குரலை ரொம்ப இனிப்பாக வைத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணும் மெனக்கெடண்டாம் சித்தப்பா. நாங்களே மத்தியானம் பொண்ணக் கூட்டிட்டு உங்க ரூமுக்கு வாறோம். சாப்பாடும் அங்கயே கொண்டு வாறோம்" என்றான்.



"செரி மக்கா. அதும் கொள்ளாம்" என்றார் சித்தப்பா.

தம்பி போனை வைத்துவிட்டு நோட்டில் "மீன்" என்பதற்கு நேராக ஒரு டிக் போட்டான். நான் அந்த விருந்துக்கு வர மாட்டேன் என்று சொன்னேன். பெரிய பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அம்மா சன்னலைச் சாத்தினாள்.

என் லீவு முடிந்து அவர்களுக்கு முன்னால் நான் புறப்பட்டேன். வழியனுப்ப வந்த சித்தி போட்டோவை மறுபடியும் ஞாபகப்படுத்தினாள். அப்போதாவது அவளிடம் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். "செரி சித்தி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

பஹ்ரைன் போய்ச் சேர்ந்த அடுத்த வெள்ளிக்கிழமை சட்டையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். ஒரே அறை, அடுக்குக் கட்டில்கள், கயிற்றில் ஈரத் துண்டுகள். சித்தப்பா சட்டையைப் பிரித்து மார்பில் வைத்துப் பார்த்தார். தோள் அளவு சரியாக இருந்தது. சித்தி சொன்னதை அப்படியே அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நீங்க ஹோட்டலுக்கு வாங்க சித்தப்பா. நான் வாசல்ல நிக்கேன். ஆரு தடுக்கான்னு பாப்போம்" என்றேன்.

"வேண்டாம் மக்கா. அவன் பேசினப்பளே எனக்கு மனசிலாச்சு. நான் வந்து எந்த மேசையில இருக்க? அவனுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

"அப்ப மீனும் குடுக்காதீங்க."

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தாரேன்னு சொல்லியாச்சுல்லா. கல்யாணச் சோலிக்கு உள்ள மீன் அது" என்றார்.

விருந்து நாளன்று எனக்கு ஆஸ்பத்திரியில் காலை டூட்டி. மூன்று மணிக்குச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"வந்தாவளா?"

"வரல்ல. கம்பெனி டிரைவர் ஒருத்தன் வந்தான். பொதியக் குடுத்திட்டு மீனை எடுத்திட்டுப் போனான். பொண்ணுக்கு ஒருக்கம் செய்ய பியூட்டி பார்லர்ல நேரமாயிப் போச்சாம்."

"நீங்க சாப்பிட்டியளா?"

"பயக்க சாப்பிட்டானுவ. காலத்த இருந்து குளிச்சு உடுத்திட்டு இருந்தானுவல்லா, நல்ல பசி" என்றார். தான் சாப்பிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் ஹோட்டலுக்குப் போனேன். போக மாட்டேன் என்று சொன்னவள்தான். நம் வீட்டுச் சார்பில் ஒருத்தர்கூட நிற்கவில்லை என்றால் பொண்ணு வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அம்மா போனில் அழுதாள். அதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பட்டுப் புடவை கட்டி, வாசலில் நின்று, பன்னீர்கூடத் தெளித்தேன்.

மீன் வந்தது. வட்டத் துண்டுகளாக, பொன் நிறத்தில், ஓரத்தில் எலுமிச்சை வைத்து. தம்பியின் மேனேஜர் இரண்டாவது தடவையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு இத்தனை பச்சையான மீனைத் தின்றதில்லை என்று பாராட்டினார். தம்பி கோட்டுப் பித்தானைச் சரிசெய்தபடி சொன்னான். "எங்க குடும்பத்துக்குச் சொந்தமா லாஞ்சு இருக்கு சார். ஆளு வச்சு நடத்துறோம். காலையில பிடிச்சது இது."

மேனேஜரின் மனைவி என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டாள். நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். என் தட்டிலும் இரண்டு துண்டு இருந்தது. தின்றேன். உப்பும் உறைப்பும் பிடித்து நன்றாக இருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் குமட்டுவது அந்த ருசியால்தான்.

கை கழுவுகிற இடத்தில் பொண்ணின் கவுன் தரையில் படாமல் நான் தூக்கிப் பிடித்திருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து அவள் கேட்டாள். "மைனி, மத்தியானம் அங்க போவவே இல்லியே. காத்திருந்திருப்பாவளா?"

"காத்திருந்தாவ."

"அங்க சொல்லிட்டேன், அவிய நேரா ஹோட்டலுக்கு வந்திருவாவன்னு இவிய என்கிட்ட சொன்னாவளே" என்றாள். அவளிடம் தம்பி வேறு கதை சொல்லியிருக்கிறான். முகப்பூச்சு கலையக் கூடாது என்று தண்ணீரைத் தொடாமல் அப்படியே சற்று நேரம் நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தனியாக டாக்சி பிடித்து என் விடுதிக்கு வந்தாள். சாதாரணப் பருத்திப் புடவை. "கூட்டிட்டுப் போங்க மைனி" என்றாள். துறைமுகத்துக்குப் போனோம். லாஞ்சுகள் கடலில் இருந்தன. சமையலுக்கு நின்ற ஒரு பெரியவர் மட்டும் ரூமில் இருந்தார். அவள் ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவைக் குடித்து, ஒரு மணி நேரம் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா போன் செய்தார். "பொண்ணு வந்துதாம்லா. நல்ல பிள்ள" என்றார். 

அந்த வருடக் கடைசியில் தம்பிக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். சித்தப்பா 2012-இல் கடல் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார். கிறிஸ்துமஸ் தோறும் பொண்ணு அவருக்கும் சித்திக்கும் போன் செய்கிறாள். தம்பி பக்கத்தில் இருந்தால் அவனும் இரண்டு வார்த்தை பேசுவான். சித்தப்பா அவனிடம் எப்போதும் போலவே பேசுகிறார். எனக்குத்தான் அது முடிவதில்லை.

ஒரு நாள் அவனே போனில் கேட்டான். "யக்கா, நீ என்கிட்ட ஒழுங்காப் பேசி எவ்வளவு காலமாச்சு? நான் உனக்கு என்ன செய்தேன்?"

சொன்னேன். நோட்டிலிருந்து லாஞ்சுப் பொய்வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும், "நீயும் வந்து நின்னியேக்கா. நீயும் தின்னியல்லா?" என்றான்.

"ஆமா, தின்னேன்" என்றேன்.

 பிறகு அவன், அங்கே இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது, காரை வெளியே எடுக்க முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான்.