ஏழு எழுத்து

கொட்டகலையில் என் தையல் கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டர், "ரொம்ப நீளமா இருக்குங்க அக்கா. முன்பாதிய மட்டும் போட்டா எழுத்து பெருசா வரும்" என்றார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். அவர் மேல் நான் எரிந்து விழுந்தது அநியாயம்தான். பலகையில் இருப்பது அம்மாவின் பெயர். ஏழு எழுத்தும் இருந்தாக வேண்டும் என்றேன். இருக்கிறது. பார்க்க அம்மாதான் இல்லை. பலகை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டாள்.

இப்போது பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். முப்பது பெண்களுக்கு வேலை கொடுப்பவள் என்று மாலை போடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் பட்ட கஷ்டம்தான் இவரை இவ்வளவு உறுதியாக்கியது என்று மேடையில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார். நானும் தலையை ஆட்டிவைப்பேன். அந்தக் கஷ்டத்தில் பிழைத்தவர்களைத்தானே மேடைக்குக் கூப்பிட முடியும்.

இலங்கையில் எழுபதுகளின் பஞ்சகாலம் அது. எனக்கு எட்டு வயது. அரிசி அரிதாகிவிட்டது. மாவும் பாண் ரொட்டியும் கிடைப்பதே பெரும்பாடு. வேலை தேடி நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போன அப்பா எப்போதாவதுதான் வருவார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அம்மாவும் நானும் இரண்டு வயதுத் தம்பியும் மட்டும் இருந்தோம். அம்மாவின் கொழுந்துக் கூடை நிறைந்தால் எங்களுக்குச் சாப்பாடு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். கேட்ட எடைக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குப் பேர் என்றால் பெயர்தான். மழையில் நனைந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்தபடி, "இன்னைக்கும் அரைப்பேருதான் போட்டாங்க" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், யாரோ அவள் பெயரைப் பாதியாக நறுக்கிவிடுகிறார்கள் என்றே நினைத்தேன். அதற்கு ஆதாரமும் இருந்தது. அம்மாவை எல்லோரும் பெயரின் முன்பாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வாத்தியார் வரவு குறிக்கும் பள்ளிக்கூட இடாப்பில், என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அது ஏழு எழுத்தாக, முழுசாக இருந்தது. வாத்தியார் மேசையில் அதைப் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மா கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சுவதைப் பார்த்தேன். தம்பிக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை. "புள்ளைக்கு முடியலைங்க ஐயா. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் முழுப்பேரு போடுங்க" என்றாள். அவர் தராசைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. அன்றும் அரைப்பேர்தான் விழுந்தது.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில்தான் பெரட்டுக்களம். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் துரை வருகிறார் என்று அதன் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அன்று இருட்டும் நேரத்தில் வாளியோடு அடுப்புக்கரியும் கொண்டுபோனேன். ஏழு எழுத்தையும், ஒவ்வொன்றும் என் கை அகலத்துக்கு, சுவரில் எழுதினேன். இனி அம்மாவின் பெயரை யாரும் வெட்ட முடியாது என்று அவ்வளவு சந்தோஷம். பிழையில்லாமல் எழுதியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மறுநாள் காலை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடுவதற்காக அம்மாவின் பின்னால் போனேன். கணக்கப்பிள்ளை சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"முழுப்பேரு கேட்ட, குடுக்கல. இப்ப தொர பாக்குற செவுத்துல எழுதிவச்சுக் கேக்குறியா?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "அது என்னாங்க ஐயா?" என்றாள். வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"ஒம் பேருடி."

அம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கரி போகாத என் விரல்களைப் பார்த்தாள். "நாந்தாங்க எழுதச் சொன்னேன்" என்றாள். யாரிடம் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் அவள் பதில் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், வேலை கிடையாது, சுவரையும் அவளே அழிக்க வேண்டும் என்று முடிவானது. அம்மா படங்கை நனைத்துத் துடைத்தாள். பெயர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் நடுவிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளையும் கரியும் குழைந்து வழிந்தன.

அந்தக் கிழமை முழுக்கக் காட்டுக்கீரையை அவித்துத் தின்றோம். அடுத்த மாதம் தம்பி செத்துப்போனான். அந்த வருடம் எங்கள் லயத்தில் வேறு பிள்ளைகளும் செத்தார்கள். ஒரு நாள்கூட வேலை தவறாதவர்களின் பிள்ளைகளும்தான். இதைச் சொல்லி என்னை நானே தேற்றப் பார்ப்பதுண்டு. தேறியதில்லை. என் கடையில் யாருக்கும் அரைநாள் கூலி வெட்டுவதில்லை. நல்ல முதலாளி என்று அதற்கும் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த 'அரை' என்ற சொல் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

சுவரை அழித்த அன்று சாயங்காலத்தைப் பற்றி மட்டும் நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. அடி விழும் என்று கதவோரமாக நின்றிருந்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"முழுசாவா எழுதியிருந்த?"

எவ்வளவு எழுதினேனோ அவ்வளவு அடி என்று எனக்குப் பட்டது.

"இல்லம்மா, பாதிதான்" என்றேன்.

"பாதிதானா" என்றாள். அடிக்கவில்லை. மறுபடியும் அடுப்பை ஊதத் தொடங்கினாள். அவள் கேட்டது கோபத்தில் இல்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை. சொன்ன பொய் பலித்துவிட்டது என்று, தம்பியின் பக்கத்தில் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.