வறண்ட ஏரியில் கோல்ஃப்

நான் கோல்ஃப் ஆடிப் பிழைத்தவன் என்று சொன்னால் செஞ்சியில் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மற்றவர்கள் மட்டையை மூலையில் சாத்துகிற வயதில்தான் நான் அதைக் கையில் எடுத்தேன், முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அப்புறம் வெகுகாலம் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அந்தப் பிழைப்பு தொடங்கிய கோடையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கும்.

அதற்கு முன் மெட்ராஸில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. ஆள் இல்லாத நேரத்தில் நான் பந்தடித்துப் பழகியதை கிளப் செக்ரட்டரி பார்த்துவிட்டார். சீட்டைக் கிழிக்கப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ, உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லித்தரவும் பந்தயங்களில் ஆடவும் கிளப்புக்கு ஓர் ஆள் தேவை என்றார். தோட்ட வேலைக்காரன் மைதானத்தில் ஆடினால் உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள், ஊரில் போய்ப் பழகு, கோட்டை பார்க்கக் குடும்பத்தோடு வருவேன், அப்போது அடித்துக் காட்டு என்று சொல்லி, மட்டையும் பந்தும் கொடுத்து அனுப்பினார். என் பழைய வேலையை அன்றே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். தேறாவிட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

ராஜகிரிக் கோட்டை மலைக்குக் கீழே எங்கள் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பந்து வெடிப்புக்குள் விழுந்தால் போச்சு. என்னிடம் இருந்தவையோ சில பழைய பந்துகள். செஞ்சிக் கடைத்தெருவில் கோல்ஃப் பந்து கேட்டால் நெல்லிக்காயைக் காட்டுவார்கள். அதனால் பந்து விழுகிற பக்கத்தில் என் மனைவி போய் நின்றாள். விழுந்ததும் ஓடிப்போய் எடுத்து மடியில் கட்டிக்கொள்வாள். அதை முடித்துவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போவாள்.

கட்டின பெண்டாட்டியை எதிரே நிறுத்திவிட்டுக் கல் மாதிரியான பந்தை அவள் பக்கம் அடிக்க வேண்டும். நானோ தெருநாயைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போகிற ஆள். மட்டையைத் தூக்கினால் அவள் நெற்றிதான் கண்ணில் நிற்கும். உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கும். அவளுக்கு வலப்பக்கம் நாலு முழம் தள்ளி விழட்டும் என்று மலையனூர் அங்காளம்மனை வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் அடிப்பேன். அங்கேதான் விழுந்தது. நாளாக ஆக, அவளை வைத்துத்தான் எனக்குக் குறியே என்று ஆகிவிட்டது. அது எனக்கு அப்போது தெரியாது.

செக்ரட்டரி ஒரு காலையில் வந்து ஏரிக்கரையில் காரை நிறுத்தினார். எதிரே ஒரு பெண்பிள்ளையை நிறுத்தியா அடிப்பாய், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கடிந்துகொண்டார். அவளைக் கரைக்கு வரச் சொன்னேன்.

முதல் பந்து எங்கோ திரும்பி வேலமுள் புதருக்குள் போய்விட்டது. அடுத்தது மட்டை விளிம்பில் பட்டு என் காலடியிலேயே உருண்டது. எதிரே வெற்று ஏரி; எதைப் பார்த்து அடிப்பதென்றே தெரியவில்லை. செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தக் கல்லுடைக்கிற இடத்துக்குப் போவது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், அவள் மறுபடியும் தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். செக்ரட்டரி கத்தினார். வேண்டாம், வந்துவிடு என்று நானும் கத்தினேன். அவள் போய் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, குரல் எட்டும்படி, "நீ அடி," என்றாள்.

அந்தப் பயத்தோடுதான் அடித்தேன். பந்து அவளுக்கு வலப்பக்கம், வழக்கமான இடத்தில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. செக்ரட்டரி திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

சாயங்காலம் அவள் அடுப்பூதிக்கொண்டிருந்தபோது கேட்டேன். ஒரு பந்து புதருக்குள் போனதைப் பார்த்த பிறகும் எப்படிப் போய் நின்றாய், உனக்குப் பயமே இல்லையா என்று.

"பயமில்லாம இன்னா? தெனமும் கண்ண இறுக்க மூடிக்கினுதான் நின்னேன். தொப்புனு சத்தம் கேட்டப்புறந்தான் தெறப்பேன்."

அவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தவறி வந்தால் விலகிக்கொள்வாள் என்று நம்பித்தான் நான் அந்தக் கோடை முழுவதும் அடித்திருந்தேன்.