சிந்தி என்று எழுதிய மாடு

எங்கள் பேராசிரியரின் இரங்கல் கூட்டத்தில் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லித் தப்பித்தேன். பேசினால் நான் கொன்ற கன்றுக்குட்டியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசி வருடம் அது. மேரு என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஓர் அக்கா ஆறு மாடுகள் வைத்திருந்தார். சீனரான எங்கள் பேராசிரியர் மாணவர்களை வாராவாரம் அங்கே அழைத்துப் போவார். அன்று அவர் கொட்டகையின் கோடியில் ஒரு மாட்டுக்குள் தோள்வரை கைவிட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். என் முன்னால் நின்ற கறுப்பு வெள்ளை மாட்டைக் குளவி கொட்டியிருந்தது; அதற்கு முகம் வீங்கி மூச்சு இரைத்தது.

"சந்தேகமில்லை என்றால் ஊசி போடு. சந்தேகம் இருந்தால் கேள்," என்று அங்கிருந்தே ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் கோளாறு. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஊசியில் ஏற்றினேன்.

"இது சினை மாடுமா, பாத்துப் போடு லா," என்றார் அக்கா.

நான் சுபாங் ஜெயாவில் மலாய்ப் பள்ளியில் படித்தவள். வீட்டில் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். சினை என்ற சொல்லை அதுவரை கேட்டதில்லை. சிந்தி என்ற மாட்டினத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அதைத்தான் சொல்கிறார் என்று பெரிய மேதாவி போலத் தலையாட்டினேன். ஊசியைப் போட்டுவிட்டுச் சிகிச்சைக் குறிப்புத் தாளில் 'இனம்: சிந்தி' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'கர்ப்பம்: இல்லை'. வயிற்றைப் பார்த்தாவது தெரிந்திருக்க வேண்டும். வீங்கிய முகத்தைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

பேராசிரியர் கை கழுவிவிட்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "சிந்தி சிவப்பாக அல்லவா இருக்கும்? இதை யார் சிந்தி என்று சொன்னது?"

"அக்காதான், புரொஃப்."

அவர் மாட்டின் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு அக்காவிடம் திரும்பி, மாட்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார். "அக்கா, மாடு சினை ஆ?"

"ஆமா டாக்டர், எட்டு மாசம். இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே."

வயிற்றில் கன்று இருக்கும் மாட்டுக்குக் கடைசி மாதங்களில் அந்த ஊசியைப் போட்டால் நாள் ஆகுமுன்னே ஈன்றுவிடும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். போட்ட ஊசியை முறிக்க மருந்து கிடையாது. அவரே அக்காவிடம் பேசிச் சமாளித்துவிடுவார் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன்.

"வந்து பார்க்காமல் ஊசி போடச் சொன்னது என் தவறு. அதை நான் சொல்லிக்கொள்கிறேன். உன்னுடையதை நீ சொல். தமிழில் சொல். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்," என்றார்.

சொன்னேன். "எனக்கு அந்த வார்த்தை தெரியாதுக்கா. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்."

"தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா? இப்ப கன்னுக்குட்டிய கொறையிலயே வீசிடுமா?"

"வீசலாம்க்கா. ரெண்டு மூணு நாள்ல."

அதன்பிறகு காலையும் மாலையும் அவருடைய காரில் மேருவுக்குப் போனோம். வழியில் அவர் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போனதும் என் கையைப் பிடித்து மாட்டின் வாலடியில் வைத்து, இறுக்கம் தளர்கிறதா என்று கேட்பார்; தளர்ந்தால் ஈனப்போகிறது என்று அர்த்தம். முதல் நாள் தளரவில்லை. எனக்கு நப்பாசை வந்தது. இரண்டாம் நாள் மாலை என் விரல்கள் பொதுக்கென்று உள்ளே அமுங்கின. அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை கன்று பிறந்தது. கிடேரி, பெண் கன்று. கையில் எடுத்தபோது எடையே இல்லை. நான் சாக்கால் அதன் உடம்பைத் தேய்க்க, பேராசிரியர் சாணியில் முழங்காலிட்டு வைக்கோலால் மூக்கைக் குடைந்தார். மூச்சு வந்தது. இரண்டு முறை தலையைத் தூக்கிப் பார்த்தது. மதியத்துக்குள் செத்துவிட்டது.

"நான் படிப்பை விட்டுவிடுகிறேன், புரொஃப்," என்று அழுதேன்.

"அதை அப்புறம் பேசலாம். தாய் மாட்டுக்கு நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. போய்ப் பார்," என்றார்.

அக்கா குறுக்கே வந்து நின்றார். "டாக்டர், நீங்க வாங்க. இந்தப் பொண்ணு வேணாம்."

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பேராசிரியர் என் தோளில் கைவைத்தார். "நாலு நாள் பாக்கணும், அக்கா. நானும் வரும். ஆனா மாடு இவங்கதான் பாக்கும். இவங்க இனிமே கேக்கும்."

அக்கா சாக்கை இழுத்துக் கன்றின் முகத்தை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?" என்றார்.

"நீங்க எப்பக்கா பால் கறப்பீங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சரைக்கு," என்றார்.